பொற்கொல்லன் சொல் கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் நடக்கிறது. ஒதெல்லோவின் வீழ்ச்சிக்கு அவனுடைய பொறாமைக் குணமே காரணம் என்று ரியூஷனில் குறிப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மனைவிக்கும் உதவித் தளபதி காசியோவுக்கும் தொடர்பு என்று பொய் மூட்டிய இயாகோ என்ற அந்தப் படுபாவி பக்கத்தில் இல்லாவிட்டால் அவன் மனைவி டெஸ்டிமோனாவோடு சந்தோஷமாக இருந்திருப்பான் அல்லவா? ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனில் பிழை பிடிக்கிறோமே என்று இரண்டு நாளாக மகளோடு வாக்குவாதம். அவளோ, "எல்லாரும்தானே அம்மா இயாகோவை நம்பினார்கள், அவளை மூச்சடைத்துக் கொன்றது ஒராள்தானே" என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டுச் சண்டை பழைய சண்டை. 1904இல் பிராட்லி என்ற விமர்சகர் ஏறக்குறைய உங்கள் பக்கம் நின்றார்: ஒதெல்லோ இயல்பில் சந்தேகப்பிராணி அல்ல, இயாகோவின் சூழ்ச்சியில் யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள். 1937இல் லீவிஸ் உங்கள் மகளின் பக்கம்: உண்மையான துரோகி கோட்டைக்கு உள்ளேயே, அதாவது ஒதெல்லோவின் மனதுக்குள்ளேயே இருந்தான், இயாகோ வெறும் சாட்டு. இரண்டு பேரையும் வாசித்த நான் கடைசியில் மதுரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ரியூஷன் குறிப்பு. வீரனுக்கு ஒரு 'குறை' இருக்கும், அதனால் விழுவான் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் 'குறை'க்கு அரிஸ்டாட்டில் பாவித்த ஹமார்த்தியா என்ற கிரேக்கச் சொல்லின் வேர் அம்பு குறி தவறுவது. குணத்தில் உள்ள ஓட்டை வேறு, செயலில் நடந்த தவறு வேறு. ஒதெல்லோவிடம் நான் பார்ப்பது பொறாமையை விட அவசரத்தை. அதுவும் கெட்ட குணமாக இல்லை, அவனைத் தளபதி ஆக்கிய குணமே அதுதான். மூன்றாம் அங்கத்தில் அவனே சொல்கிறான், சந்தேகம் ஒருமுறை வந்தால் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவேன் என்று. போர்க்களத்தில் யோசித்துக்கொண்டு நிற்பவன் உயிரோடு திரும்ப மாட்டான். கூடச் சண்டை பிடித்தவனின் சொல்லை நம்பாமலும் அங்கே முடியாது. இந்த இரண்டையும் அவன் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தான். இயாகோ செய்ததெல்லாம் அந்தக் கத்தியின் பிடியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் இயாகோவை நான் விட்டுவிடவில்லை. அவன் குற்றவாளி. டெஸ்டிமோனாவின் லேஞ்சியைக் காசியோவின் அறையில் போட்டவன் அவன். (கைக்குட்டை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அது எங்கள் ஊரில் லேஞ்சிதான். போர்த்துக்கேயன் விட்டுப்போன சொல்.) ஆனால் நாலாம் அங்கத்தைப் பாருங்கள். ஒதெல்லோ எமிலியாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். டெஸ்டிமோனாவோடு எப்போதும் கூட இருப்பவள் அவள். தன் ஆன்மாவைப் பணயம் வைத்துச் சொல்கிறாள், டெஸ்டிமோனா குற்றமற்றவள் என்று. அவள் போனதும் இவன் என்ன நினைக்கிறான்? இப்படிப்பட்டவள் வேறு எதைச் சொல்வாள் என்று தள்ளிவிடுகிறான். சாட்சியைக் கூப்பிட்டுக் கேட்டபின் சாட்சியை நம்பாமல் விட்டதற்கு இயாகோவைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த நேரம் இயாகோ அறையிலேயே இல்லை.

சரி, சிலப்பதிகாரத்து மதுரைக்கு வருவோம். பாண்டியன் அந்தப்புர வாசலில் நிற்கிறான். கூத்து மகளிரில் அவன் மனம் போனதாக ஊடல் கொண்ட தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரம் அவனுக்கு. அந்த இடத்தில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். கோள் சொல்பவனுக்கு நேரம் பார்க்கத் தெரியும். அவன் சொல்லி முடித்ததும் இளங்கோ, 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஊழைச் சொல்கிறார், கூடவே 'தேரான் ஆகி' என்றும் சொல்கிறார். ஆராயவில்லை. கண்ணகியும் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறாள்: 'தேரா மன்னா.' சிலம்பை உடைத்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு மாமாக்கள் பதினெட்டு வருசம் கதைக்காமல் இருந்தார்கள். தம்பி இரவோடு இரவாக வேலிக் கதியாலை இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்று ஒரு காணித் தரகர் வந்து பெரிய மாமாவுக்கு மூட்டிவிட்டார். மாமா உறுதியை எடுத்துப் பார்க்கவுமில்லை, நில அளவையாளரைக் கூப்பிடவுமில்லை. சின்ன வயதிலிருந்தே தம்பியில் அவருக்கு ஒரு கண் இருந்தது. தரகர் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை. கடைசியில் காணி விற்க வேண்டி வந்தபோதுதான் அளந்தார்கள். வேலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஒதெல்லோ சாகுமுன் தன்னைப் பற்றி ஒரு கணக்குக் கொடுக்கிறான்: எளிதில் பொறாமைப்படாதவன், ஆனால் தூண்டப்பட்டுக் குழம்பிப்போனவன் என்று என்னைப் பற்றி எழுதுங்கள். தூண்டப்பட்டவன்! பாதிப் பழியை மெல்ல மற்றப் பக்கம் தள்ளுகிறான். பாண்டியனும் பொற்கொல்லனைச் சொல்கிறான்தான், ஆனால் எப்படிச் சொல்கிறான் பாருங்கள்: 'பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.' பொய் சொன்னவன் அந்த வாக்கியத்தில் ஒரு மூலையில் நிற்கிறான், கேட்டவன்தான் எழுவாய். இந்த இடத்தில் எனக்குப் பாண்டியன் ஒதெல்லோவை விடப் பெரியவன்.

நீங்கள் சொல்வதுபோல் பழி முழுவதையும் ஏமாற்றியவன் தலையில் போடலாம். சிலப்பதிகாரத்திலேயே ஒருவன் அப்படிச் செய்தான். நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியைச் சாந்தப்படுத்த என்று ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். பொய் சொன்னது ஒரு கொல்லன். மற்ற 999 பேரும் அன்று காலை தங்கள் பட்டறையில் ஊதுலையை ஊதிக்கொண்டு இருந்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு துரோகிதான் காரணம் என்று நம்பத் தொடங்கினால் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மகள் சோதனைக்கு என்ன எழுதுவாள் என்று யோசிப்பீர்கள். புள்ளி போடுகிறவரின் மனம் எனக்குத் தெரியாது. எமிலியாவை விசாரிக்கிற அந்தக் காட்சியை இரண்டு பேரும் சேர்ந்து ஒருதரம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஒதெல்லோவின் பகுதியை நீங்கள் வாசியுங்கள்.