ஆயில் பெயின்டில் முகம் வரையப் பழக, பழைய மேதைகளின் ஓவியத்தைப் பார்த்து வரைவது உதவுமா? எந்தப் படத்தில் தொடங்கலாம்?

நிச்சயம் உதவும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சை மட்டும் பார்த்து வரைந்தால் அவ்வளவாகப் பயன் இருக்காது. அந்த ஓவியர் எதை முதலில் போட்டார், அதன்மேல் எதைப் போட்டார் என்ற வரிசையையும் பின்பற்ற வேண்டும்.

நான் பழகியது டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்' படத்தில். உங்களுக்கும் அதையே சொல்வேன். 1665 வாக்கில் வரையப்பட்ட இந்தப் படம் நெதர்லாந்தின் ஹேக் நகரில், மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. தான். சின்ன கேன்வாஸ் போதும்.

வெர்மீர் முதலில் பழுப்பிலும் கறுப்பிலும் வெளிச்சம், நிழலைப் போட்டுக்கொண்டுதான் நிறத்துக்குப் போயிருக்கிறார். நீங்களும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் கரைத்து முகம் முழுவதையும் பழுப்பிலேயே முடியுங்கள். சாயல் இங்கேயே வந்துவிட வேண்டும். இங்கே வராதது மேலே எந்த நிறம் பூசினாலும் வராது. அது காய்ந்த பிறகு வண்ணம். அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகச் சேருங்கள். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

அப்புறம் அந்த மூக்கு! மூக்குத்தண்டுக்கும் அந்தப் பக்கக் கன்னத்துக்கும் நடுவில் கோடே கிடையாது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன, ஆனாலும் மூக்கு எங்கே முடிகிறது என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. கோடு போட்டே பழகிய கைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முத்தும் அப்படித்தான்: மேலே அழுத்தமான ஒரு வெள்ளைத் தீற்று, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கிய பிரதிபலிப்பு. காதில் மாட்டும் கொக்கியைக்கூட அவர் வரையவில்லை.

பின்னணிக்கு டியூப் கறுப்பை அப்படியே பூசாதீர்கள். இன்று கறுப்பாகத் தெரியும் அந்த இடம் முதலில் ஒரு பச்சைத் திரை. காலப்போக்கில் நிறம் போய்விட்டது. அல்ட்ராமரீன் நீலமும் அம்பரும் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும். தலைப்பாகை நீலத்துக்கு வெர்மீர் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்த நிறத்தைப் பயன்படுத்தினார். நமக்கு டியூபில் வரும் அல்ட்ராமரீன் போதும். அவர் பூசிய ஈய வெள்ளை நச்சு, அதனால் டைட்டானியம் ஒயிட் வாங்குங்கள்.

இது முடிந்ததும் அடுத்த நகலுக்கு ஓடாதீர்கள். வீட்டில் யாரையாவது ஜன்னலோரம் உட்காரவைத்து இதே வரிசையில் ஒரு முகம் வரையுங்கள். இன்னொரு டச்சு மேதையான ரெம்ப்ராண்ட் அதற்கப்புறம். அவர் 1669-இல் வரைந்த சுய உருவப்படமும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வயதான தோலைத் தடித்த வண்ணத்தில் காட்டும் வித்தையை அதில் கற்கலாம்.