சியாட்டிலா, பர்டூவா?

கேள்வி: கணினியியல் படிக்க விண்ணப்பித்தேன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் கணினியியலில் இடம் தராமல் பொது அறிவியல் பிரிவில் சேர்த்துக்கொண்டது. இந்தியானாவின் பர்டூ கணினியியலிலேயே இடம் தந்துள்ளது. நண்பர்கள் சியாட்டில்தான் என்கிறார்கள். தேசிய சேவை முடிந்துவிட்டது. கட்டணத்துக்கு அப்பாவின் மசேநியை (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி) எடுக்கலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: பர்டூவுக்குப் போங்கள்.

‘முதலில் உள்ளே போவோம், பிறகு துறை மாறிக்கொள்ளலாம்’ என்பது பல இடங்களில் நடக்கும். வாஷிங்டனில் கணினியியலுக்கு அது மிக அரிது. பெரும்பாலான இடங்களை முதலாண்டுச் சேர்க்கையிலேயே நிரப்பிவிடுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகமே இதை ஒளிக்காமல் சொல்கிறது.

துறை கிடைக்காவிட்டால் அடி வேலையிலும் விழும். படிப்பு முடிந்ததும் எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் மேலும் 24 மாதம். எந்தப் படிப்பு என்பதை, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பு எண் தீர்மானிக்கும். கணினியியலின் 11.0701 பட்டியலில் இருக்கிறது. பொருளியலுக்கு ஒதுங்கினால் 45.0603க்கு நீட்டிப்பு உண்டு, 45.0601க்குக் கிடையாது. பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மைக்ரோசாஃப்டும் அமேசானும் சியாட்டில் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நாடு முழுவதிலிருந்தும் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பல்கலைக்கழகப் பெயரைக் கேட்டு உறவினர்கள் வியப்பதற்கு உங்கள் அப்பா பணம் கட்ட வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். மசேநிக் கல்வித் திட்டம் உள்ளூர்க் கல்விநிலையங்களுக்கு மட்டுமே; அமெரிக்காவுக்கு உதவாது. ஐ-20 பெற முதலாண்டுச் செலவுக்குப் பணம் காட்டினால் போதும் என்பதால், பலர் அதோடு கணக்கை நிறுத்திவிட்டு மூன்றாமாண்டில் திணறுகிறார்கள். நான்கு ஆண்டுக்கும் கூட்டிப் பாருங்கள். கட்டணம் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால், இன்றைய 100 டாலர் நான்காமாண்டில் 112 டாலருக்கு மேல். பர்டூ 2013 முதல் பல ஆண்டுகள் அடிப்படைக் கல்விக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்தது. வளாக வேலை பாடவேளையில் வாரம் 20 மணி நேரம்தான். கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது.

நீங்கள் குடிமகனா, நிரந்தரவாசியா என்று எழுதவில்லை. குடிமகன் என்றால், சிங்கப்பூருக்கென ஆண்டுக்கு 5,400 இடம் ஒதுக்கியுள்ள எச்-1பி1 என்ற அமெரிக்க வேலை விசாவுக்குப் பின்னாளில் விண்ணப்பிக்கலாம். அதில் குலுக்கல் இல்லை. வேறு கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அவர் எல்லா நாட்டவருக்கும் பொதுவான எச்-1பி வேலை விசாவின் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். அவருக்கு அந்த 24 மாத நீட்டிப்பு இன்னும் முக்கியம்.

மே 1க்குள் ஒரே இடத்தில் முன்பணம் கட்டுங்கள். இரண்டிலும் கட்டுவது விதிமீறல். ஐ-20 வந்ததும், அதில் ‘என்’ எழுத்தில் தொடங்கும் எண்ணைப் பிழையில்லாமல் தட்டி 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணத்தைச் செலுத்துங்கள். பிறகுதான் நேப்பியர் சாலை அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல். விமானச்சீட்டு எடுக்குமுன் ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதியைப் பாருங்கள்: அதற்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகப் போய் இறங்கினால் உள்ளே விடமாட்டார்கள்.