யாருடைய மேடை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடகம் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற குறிப்பில் ‘ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தேசிய அரங்கு வேண்டும்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேசிய அரங்கு என்று படங்களில் நான் பார்த்ததெல்லாம் பெரிய தூண்களும் வெல்வெட் இருக்கைகளும்தான். வரிப்பணத்தில் கட்டுகிறார்கள், வசதியானவர்கள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். மன்னர்கள் தங்கள் பெருமைக்காக ஆரம்பித்ததை இன்று அரசுகள் தொடர்கின்றன, அவ்வளவுதானே? சினிமா வந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த அரங்குகளை நாளைக்கே மூடினால் யார் அழப்போகிறார்கள்? கோபத்தில் எழுதவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மன்னர்கள் ஆரம்பித்தார்கள் என்பது சரி. 1680-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, பாரிஸில் இருந்த இரண்டு நாடகக் குழுக்களை ஒன்றாக்கி, பிரான்சின் தேசிய அரங்கான காமெடி பிரான்சேஸை உருவாக்கினார். நாடகாசிரியர் மோலியேர் இறந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் குழுவில் மிஞ்சியவர்களும் அதில் சேர்ந்தார்கள், அதனால் இன்றுவரை அதற்கு ‘மோலியேரின் வீடு’ என்று பெயர். ஆனால் அரச ஆணையின் சாரம் வேறு: பாரிஸில் பிரெஞ்சு மொழியில் நாடகம் போடும் உரிமை இனி இந்த ஒரு குழுவுக்கு மட்டுமே.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாரிஸின் சந்தைகளில் கொட்டகை போட்டு நடித்த குழுக்கள் இருந்தன. உரிமை பெற்ற குழு வழக்குமேல் வழக்குப் போட்டு அவர்கள் வசனம் பேசுவதைத் தடுத்தது. பாட்டுக்கும் தடை வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மேடையில் விரித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. நடிகர்கள் வாய் திறக்காமல் அபிநயம் பிடிக்க, கூட்டம் பாடியது. சட்டம் நடிகர்களின் வாயைத்தான் கட்டியிருந்தது, பார்வையாளர்களின் வாயை அல்லவே.

மேடையில் யார் பேசலாம், எந்த மொழியில் பேசலாம் என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. தேசிய அரங்கின் வரலாறு எனக்கு அந்த வழக்கின் வரலாறாகத்தான் தெரிகிறது. கட்டடம் அதற்குப் பிறகுதான்.

நான் உடன்படாத பாதி இங்கே ஆரம்பிக்கிறது. பல இடங்களில் நாடு உருவாகும் முன்பே தேசிய அரங்கு வந்துவிட்டது. ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லாத 1767-இல் ஹாம்பர்கில் ஒரு தேசிய அரங்கைத் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில் மூடினார்கள். அங்கே விமர்சகராக வேலை பார்த்த லெஸ்ஸிங், ஜெர்மானியர்களாகிய நாம் இன்னும் ஒரு தேசமே ஆகவில்லை, அதற்குள் தேசிய அரங்கு கேட்டோமே என்று கசந்து எழுதினார். 1784-இல் ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் அதையே திருப்பிப்போட்டார்: நமக்கு ஒரு தேசிய அரங்கு இருந்தால் நாம் ஒரு தேசம் ஆகிவிடுவோம்.

ஷில்லர் சொன்னதைச் செய்து காட்டியவர்கள் செக் மக்கள். ஆஸ்திரியப் பேரரசின் கீழ் ப்ராக் நகரத்தின் பெரிய மேடை ஜெர்மன் மொழிக்குரியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே செக் நாடகத்துக்குக் கிடைத்தது ஞாயிறு, விடுமுறை நாட்களின் பிற்பகல் மட்டும். மாலை வேளை ஜெர்மனுக்கு. சொந்த ஊரில் தன் மொழிக்கு மாலை வேளை கிடையாது என்றால் அது எப்படி உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பல வருடங்கள் ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். 1868 மே மாதம் அடிக்கல் விழா. தங்கள் கதைகளில் வரும் மலைகளிலிருந்து கற்களைக் கொண்டுவந்தார்கள். கடல் தாண்டிச் சிகாகோவில் குடியேறியிருந்த செக் மக்களும் ஒரு கல் அனுப்பினார்கள். அந்தக் கற்களை இன்றும் அரங்கின் அடித்தளத்தில் போய்ப் பார்க்கலாம். 1881 ஜூனில் செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் ‘லிபுஷே’ இசை நாடகத்தோடு திறந்தார்கள். பாக்கி வேலைகளை முடிப்பதற்காக மூடியிருந்தபோது, ஆகஸ்ட் 12-ஆம் தேதி, கூரையில் வேலை நடந்த இடத்தில் தீப்பிடித்தது. கூரை, மேடை, பார்வையாளர் கூடம் எல்லாம் போயிற்று.

47 நாட்கள். அதற்குள் பத்து லட்சம் கில்டர் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) சேர்ந்துவிட்டது. அரச குடும்பமும் பணம் கொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சில்லறை சில்லறையாகக் கொடுத்தவர்கள் இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது. 1883 நவம்பர் 18-ஆம் தேதி அதே ‘லிபுஷே’ மறுபடி மேடை ஏறியது. மேடைக்கு மேலே ‘தேசம் தனக்குத்தானே’ என்று எழுதியிருக்கிறது. அங்கேயும் தூண்கள் உண்டு, தங்க முலாம் உண்டு. நீங்கள் படத்தில் பார்த்தது அதுவாகக்கூட இருக்கலாம். அந்தத் தங்கத்துக்குள் இருக்கும் காசு யாருடையது என்பது படத்தில் தெரியாது.

சரி, கட்டிய பிறகு? மக்கள் பணம் போட்ட மேடை என்றால் மக்களுக்கு இனிப்பாகத்தான் பேச வேண்டும் என்று இல்லை. 1907 ஜனவரியில் அயர்லாந்தின் தேசிய அரங்கான, டப்ளினின் அபே அரங்கில் சிஞ் எழுதிய நாடகம் அரங்கேறியபோது, ஐரிஷ் மக்களை இழிவுபடுத்துகிறது என்று கூடத்துக்குள்ளேயே கலவரம். போலீஸ் வந்தது. அரங்கம் நாடகத்தை நிறுத்தவில்லை, அந்த வாரம் முழுக்க நடித்தார்கள். அதே அரங்குக்கு, அயர்லாந்து தனி அரசு பெற்ற பிறகு, 1925-இல் 850 பவுண்டு மானியம் கிடைத்தது. ஆங்கிலம் பேசும் உலகில் அரசு மானியம் பெற்ற முதல் அரங்கு அதுதான். தன்னோடு சண்டை போடும் ஒரு மேடைக்கு, புதிதாகப் பிறந்த ஏழை நாடு காசு கொடுத்ததை நான் பெரிய மனசு என்றே சொல்வேன்.

சினிமா இருக்கும்போது இது எதற்கு என்றீர்கள். அதற்குப் போலந்தின் தலைநகர் வார்சாவைத்தான் பதிலாகச் சொல்லத் தோன்றுகிறது. போலந்து அப்போது சோவியத் பிடியில் இருந்தது. 1967 நவம்பரில் அங்குள்ள தேசிய அரங்கில் போலிஷ் கவிஞர் மிட்ஸ்கியேவிச் எழுதிய ‘ஜியாடி’யை டெய்மெக் இயக்கினார். 19-ஆம் நூற்றாண்டுப் பிரதி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரிகள். ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டித்தான் அதை மேடையேற்றினார்கள். ஆனால் ஜார் ஆட்சியைத் திட்டும் வரிகள் வந்தபோது கூடம் கைதட்டியது. அந்த வரிகள் இப்போது யாரைச் சொல்கின்றன என்று பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியும். மேடையில் ஒரு சொல்கூட மாறவில்லை. அரசு நாடகத்தை நிறுத்தியது. 1968 ஜனவரி 30, கடைசிக் காட்சி. முடிந்ததும் மாணவர்கள் மிட்ஸ்கியேவிச் சிலைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அதைத் தொடர்ந்து வந்தவைதான் அந்த மார்ச் மாதப் போராட்டங்கள். சினிமாவை நானும் விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனால் கைதட்டலைக் கேட்டு அடுத்த வரியைச் சற்று நிறுத்திச் சொல்லும் நடிகர் திரையில் கிடையாது.

பெயரில் மட்டும் ‘தேசிய’ என்று இருந்தால் போதாது என்பதற்குக் கென்யாவைச் சொல்ல வேண்டும். அங்கே தேசிய அரங்கு ஆங்கிலேயர் ஆட்சியில், 1952-இல் வந்தது. விடுதலை கிடைத்து 13 வருடம் கழித்தும், விடுதலைப் போராளி டெடான் கிமாதி பற்றிய நாடகத்துக்கு அந்த மேடையில் ஒருசில நாட்கள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவரான கூகி வா தியாங்கோ கமிரீத்து என்ற கிராமத்துக்குப் போனார். ஊர் மக்களே திறந்தவெளி அரங்கு ஒன்றைக் கட்டினார்கள். நாடகம் அந்த ஊர் மக்கள் பேசும் கிகுயு மொழியில். ஒத்திகை எல்லோரும் பார்க்கும்படி நடந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வசனத்தைத் திருத்தினார்கள், ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார் என்று. படிப்பறிவு இல்லாதவர்களும் அதில் நடித்தார்கள். 1977 அக்டோபரில் தொடங்கியது, நவம்பரில் அனுமதியை ரத்து செய்தார்கள், டிசம்பர் 31 அன்று கூகியைக் கைது செய்தார்கள். 1982-இல் போலீஸ் வந்து அரங்கையே இடித்துத் தள்ளியது. அந்தச் சில வாரங்களுக்கு கென்யாவின் தேசிய அரங்கு கமிரீத்துவில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

கட்டடமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் தேசிய அரங்கு 2006-இல் பத்து இடங்களில் ஒரே தலைப்பில் நிகழ்ச்சிகள் நடத்தித் தொடங்கியது. அதில் ஒன்று ஷெட்லாந்து தீவுகளில் ஒரு பயணிகள் கப்பலில் நடந்தது. உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மூடினால் யார் அழுவார்கள் என்று கேட்டீர்கள். அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் இருந்த தேசிய அரங்கு ஒன்றும் அழகான கட்டடம் இல்லை. 1930-களின் கடைசியில் இத்தாலியர்கள் மலிவான பொருட்களால் எழுப்பியது, பிறகு நாடகத்துக்கு வந்தது. அதை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நடிகர்களும் சாதாரண மக்களும் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள், இரண்டு வருடங்களுக்கு மேல். 2020 மே 17, கொரோனா ஊரடங்குக் காலம், விடியும் முன்பே போலீஸ் வந்தது. அப்போதும் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவர்களை வெளியே இழுத்துவந்த பிறகுதான் இடிக்க முடிந்தது.

அன்புடன்.