குளிர் விட்டதும் தோட்டத்தில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: வசந்தம் வந்ததும் எல்லா வேலையும் ஒரே வாரத்தில் தலையில் விழுகிறது, வீட்டுக்குள் வளர்த்த நாற்றுகள் ஒல்லியாக நீண்டு சாய்கின்றன, வெளியே வைத்தால் இலை வெளுத்துப்போகிறது, தப்பிப் பிழைத்ததை நத்தை தின்கிறது, களை மட்டும் யார் தயவும் இல்லாமல் செழிக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. போன வருட விதை பாக்கெட்டுகள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலில் பாதி வேலை இப்போது செய்யக் கூடாத வேலை. வெயில் முதுகில் சுள்ளென்று பட்டதும் நமக்குக் கை பரபரக்கும். செடிக்கும் விதைக்கும் அந்த வெயில் கணக்கில்லை, மண்ணின் சூடுதான் கணக்கு. பகலில் காற்று 20 டிகிரியைத் தொட்டாலும், நீண்ட குளிருக்குப் பிறகு மண் அதற்குப் பாதிகூட ஏறியிருக்காது, இரவில் மறுபடியும் இறங்கும். மண்ணில் குத்திப் பார்க்கும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில், ஒரு விரல் ஆழத்தில், தொடர்ந்து சில நாட்கள் பாருங்கள். 5 டிகிரியைத் தாண்டினால் பட்டாணி, லெட்டூஸ், பசலைக்கீரை மெதுவாகவாவது முளைக்கும். பீன்ஸுக்கு 15 டிகிரியாவது வேண்டும். வெள்ளரி, பூசணிக்கு 18, 20 என்று இருந்தால் நல்லது. அதற்கு முன் போட்ட பீன்ஸ் விதை ஈர மண்ணில் ஊறி அழுகிவிடும், நீங்கள் விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

மண்ணைக் கொத்துவதும் அப்படித்தான். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாருங்கள். விரலால் லேசாகத் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால், அல்லது விரல்களுக்கு நடுவே பிசுக்கென்று வழிந்தால், மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். களிமண் பூமியில் இது ரொம்ப முக்கியம். ஈரமாக இருக்கும்போது மிதித்துக் கொத்தினால் காற்றுக்கான இடைவெளியெல்லாம் அமுங்கி, காய்ந்ததும் கட்டி கட்டியாகி, அந்தப் பருவம் முழுக்க வேர் இறங்கத் திணறும். உள்ளே போயே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

இன்னும் சில தள்ளிப்போட வேண்டியவை. போன வருடத்துக் காய்ந்த தண்டுகளை முதல் வெயிலிலேயே மொத்தமாக வெட்டிக் குவிக்க வேண்டாம், உள்ளே பொந்தாக இருக்கும் தண்டுகளில் சிறு தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும், இரவுகளும் கொஞ்சம் சூடானபின் வெட்டுங்கள். டாஃபடில், டியூலிப் பூத்து முடிந்ததும் அந்த இலைகள் அலங்கோலமாகக் கிடக்கும், கை துறுதுறுக்கும், ஆனால் மஞ்சளாகும்வரை விடுங்கள். அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாட்டைக் கிழங்கு அப்போதுதான் சேமிக்கிறது. முடிச்சுப் போட்டு அழகுபடுத்துவதும் வேண்டாம். கவாத்து விஷயத்தில் ஒரே ஒரு விதி போதும்: லைலாக், ஃபோர்சித்தியா மாதிரி வசந்தத்தில் பூக்கும் புதர்கள் போன வருடமே மொட்டைத் தயார் செய்து வைத்திருக்கும், இப்போது வெட்டினால் இந்த வருடப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள், பூத்து முடிந்தபின் வெட்டுங்கள். ரோஜா அப்படியில்லை, மொட்டுகள் உப்பத் தொடங்கும்போது வெட்டலாம். மண்ணை மூடப் பரப்பும் இலைதழை மூடாக்கையும் அவசரமாகப் போடாதீர்கள், குளிர்ந்த மண்ணின் மேல் கனமாகப் போட்டால் அந்தக் குளிரை நீங்களே போர்த்திக் காப்பாற்றுவதாக ஆகும்.

சரி, தள்ளிப்போடவே கூடாதது எது? களை. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். களை வெளியே ஒன்றிரண்டு இலை காட்டும்போதே, இன்னும் சொன்னால் மண்ணுக்கடியில் வெள்ளை நூல் மாதிரி இருக்கும்போதே, காய்ந்த வெயில் நாளில் களைக்கொத்தியால் மேல்மண்ணை லேசாகச் சுரண்டிவிட்டுப் போனால் அது அங்கேயே காய்ந்து செத்துவிடும். குனியவே வேண்டாம். அதையே மூன்று வாரம் கழித்துச் செய்யப் போனால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு, பிடுங்கியதை எங்கே கொட்டுவது என்று தேடி, அரை நாள் போய்விடும். ஆழமாகக் கொத்துவது எதிர்விளைவு தரும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பல களை விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், நீங்கள் புரட்டிப் போட்டு அந்த வெளிச்சத்தைக் காட்டிவிடுகிறீர்கள். தொட்டதும் காய் வெடித்து விதை தெறிக்கிற சின்னக் களை ஒன்று சீக்கிரமே வெள்ளைப் பூவோடு வரும், அதைப் பூவிலேயே எடுத்துவிட வேண்டும், காய்த்தபின் இழுத்தால் நீங்களே விதைத்தது மாதிரி. மஞ்சள் பூப் பூக்கும் டான்டிலியன் களைக்கு ஆணிவேர், பாதியில் அறுந்தால் மீதியிலிருந்து துளிர்க்கும், மழை பெய்த மறுநாள் நீளமான கருவியை விட்டு முழுசாக நெம்பி எடுங்கள். சுற்றிப் படரும் பைண்ட்வீட் வேரைத் துண்டு துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. அதோடு போராடும் எல்லோருக்கும் என் அனுதாபங்கள், சளைக்காமல் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருப்பதைத் தவிர எனக்குச் சுலபமான வழி தெரியாது.

இப்போது உங்கள் நாற்றுகள். ஒல்லியாக நீள்வதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு, கூடவே அறைச் சூடு. ஜன்னல் நமக்குத்தான் பிரகாசம், செடிக்கு அது ஒரு பக்கத்திலிருந்து வரும் மங்கல் வெளிச்சம். ஒரு எல்இடி பட்டியை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள், முளைத்தபின் அறைச் சூட்டைக் கொஞ்சம் குறையுங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்டதா? தக்காளி என்றால் கவலையில்லை. அதன் தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதையுங்கள். எல்லாச் செடிக்கும் இந்தத் தந்திரம் செல்லாது. தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் பெரும்பாலும் குளிர்தான் காரணம், குளிரில் வேரால் பாஸ்பரஸைச் சரியாக எடுக்க முடியாது, சூடு வந்ததும் தானே சரியாகும், அதற்காக உரத்தைக் கொட்டாதீர்கள்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை வகைகளின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்: தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், முளைத்த அன்றே மேல் மூடியை எடுங்கள், ஒரு சின்ன விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள், பழைய தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். என் பார்வையில் வீட்டு நாற்றுகளைக் கொல்வது பெரும்பாலும் அதிகப்படியான தண்ணீர்தான். அன்பு மிகுந்து ஊற்றுகிறோம்.

வெளியே வைத்ததும் இலை வெளுப்பது வெயில் சுட்ட காயம். அறைக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் பழக்கமில்லை, காற்றும் பழக்கமில்லை. முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், அப்புறம் நாளுக்கு நாள் நேரத்தையும் வெயிலையும் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். இந்தத் தட்டுகளை உள்ளே வெளியே தூக்கிக்கொண்டு அலைவதுதான் வசந்தத்திலேயே எரிச்சலான வேலை, ஒத்துக்கொள்கிறேன். மேகமூட்டமான நாட்களாகப் பார்த்துத் தொடங்கினால் பாதிச் சுமை குறையும்.

எல்லாம் நட்டு முடித்த பிறகு ஒரு இரவு உறைபனி வரும், வராமல் இருக்காது. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவுதான் ஆபத்தானது, மேகம் இருந்தால் அது சூட்டைப் பிடித்து வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் இருக்கும் செடிதான் முதலில் கருகும். பழைய போர்வையோ படுக்கை விரிப்போ போதும். பொழுது சாய்வதற்கு முன்பே மூடுங்கள், துணி தரைவரை இறங்கட்டும், ஏனென்றால் மண்ணிலிருந்து ஏறும் சூட்டைத்தான் நாம் பிடிக்கப் பார்க்கிறோம். பிளாஸ்டிக் என்றால் இலையில் படக் கூடாது. காலையில் எடுத்துவிடுங்கள்.

நத்தைக்கு வருவோம். ஓடு உள்ளதைவிட ஓடில்லாததுதான் பெரிய திருடன், இரவில் வந்து நாற்றின் கழுத்தை வெட்டிவிட்டுப் போகும். முட்டை ஓடு, காப்பித்தூள் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை, நத்தை அதன் மேலேயே ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். இருட்டியபின் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவது அருவருப்பாக இருந்தாலும் பலன் தரும். பாத்தியில் ஒரு பலகையைப் போட்டு வைத்தால் பகலில் அதனடியில் ஒளியும், காலையில் திருப்பி எடுக்கலாம். இரும்பு பாஸ்பேட் குருணையும் வேலை செய்கிறது, கொஞ்சமாகத் தூவினால் போதும். நாற்று கொஞ்சம் பெரிதாகும்வரை தொட்டியிலேயே வளர்த்து நட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். மாலையில் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றுங்கள், ஈர இரவு அவற்றுக்குக் கொண்டாட்டம்.

துளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியை இப்போது பார்த்துப் பதற வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பொறிவண்டுகள் சற்றுத் தாமதமாகத்தான் வரும், மருந்தடித்தால் அவையும் சேர்ந்து சாகும்.

ஒரு சின்ன விஷயம், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய பட்டைகள் வெயிலில் வெளுத்து, கோடையில் எது எந்த வகை என்றே தெரியாமல் போகும். பென்சிலால் எழுதுங்கள், அழியாது.

கடைசியாக விதை பாக்கெட். தக்காளி விதை நன்றாக வைத்திருந்தால் நாலைந்து வருடம்கூடத் தாங்கும், வெங்காயம், பார்ஸ்னிப் (கேரட் மாதிரி ஒரு வெளிர்நிறக் கிழங்கு) விதையை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரமான காகிதத்துண்டில் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம், நாலைந்து என்றால் நெருக்கமாக விதையுங்கள், அதற்கும் குறைந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். கேரட்டும் பார்ஸ்லியும் முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அவை ஒரு வாரத்தில் வரவில்லை என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.