பேட்ச் போட்டாயிற்று, ஓட்டை அடைபட்டதா? – கேள்வி பதில்

பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவதையும் வல்னரபிலிட்டி மேனேஜ்மென்டையும் (பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிப் பிடித்து நிர்வகிப்பதையும்) பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சர்வர், நெட்வொர்க் பக்கம்தான் என் வேலை. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே இருக்கும்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் மாதாமாதம் தவறாமல் பேட்ச் போடுகிறோம். அதற்கு மேல் வல்னரபிலிட்டி மேனேஜ்மென்ட் என்று தனியாக எதற்கு?

பேட்ச் போடுவது ஒரு வேலை. தயாரிப்பாளர் திருத்தம் வெளியிடுகிறார். நீங்கள் சோதித்து, நிறுவி, ரீபூட் செய்து முடிக்கிறீர்கள். வல்னரபிலிட்டி மேனேஜ்மென்ட் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வேலை. நம்மிடம் என்னென்ன இருக்கிறது, எதில் ஓட்டை, எது அவசரம், யார் பொறுப்பு, சொன்ன தேதிக்குள் அடைத்தார்களா என்று விடாமல் கேட்க வேண்டும். பல நேரம் இதற்கு விடை பேட்ச். சில நேரம் பேட்சே கிடையாது. வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட ரவுட்டருக்கு எந்தப் பேட்ச் போடுவீர்கள்? வெளியே திறந்து கிடக்கும் டேட்டாபேஸ் போர்ட்டுக்கு (நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசலுக்கு)?

2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற, வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது, திருத்தமும் வந்தது. மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடச் சொல்லி மெயில் போனது. ஓட்டை தேடும் ஸ்கேனும் ஓட்டினார்கள். ஆனால் பாதிப்பிருந்த போர்ட்டல் அந்த ஸ்கேனில் சிக்கவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை கடைசிவரை இருந்தார்கள்; சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின. பேட்ச் கையில் இருந்தது. எங்கே போட வேண்டும் என்பதுதான் தெரியாமல் போனது.

கேள்வி: ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆயிரக்கணக்கில் வருகிறது. சிவிஎஸ்எஸ் (ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்குத் தரும்) மதிப்பெண் 9-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் முதலில் முடித்தால் போதுமா?

போதாது. அந்த மதிப்பெண் ஓட்டை எவ்வளவு மோசமானது என்று சொல்லும். அது உங்கள் எந்த மெஷினில், எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. யாரும் தொட முடியாத டெஸ்ட் மெஷினில் இருக்கும் 9.8-ஐ விட, வெளியுலகைப் பார்த்து நிற்கும் விபிஎன் பெட்டியில் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர வழிதருவது) இருக்கும் 7.5 அவசரமாக இருக்கலாம். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் கேஇவி என்ற பட்டியலை வெளியிடுகிறது. நிஜமாகவே தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகள் மட்டும் அதில் இருக்கும், பார்க்கக் காசு கிடையாது. உங்கள் ரிப்போர்ட்டை முதலில் அதோடு ஒப்பிடுங்கள். அடுத்த 30 நாளில் தாக்கப்படும் வாய்ப்பைச் சொல்லும் இபிஎஸ்எஸ் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவாகும்.

கேள்வி: வீட்டு லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?

அது வேறு தலைப்பு. ஆட்டோ அப்டேட்டை மட்டும் அணைக்காதீர்கள்.

கேள்வி: பேட்ச் போட்ட பிறகும் ஸ்கேனர் அதே ஓட்டையைக் காட்டுகிறது. ஸ்கேனர் தப்பா, நாங்கள் தப்பா?

இரண்டும் நடக்கும். லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியை அப்டேட் செய்கிறீர்கள். டிஸ்கில் புது ஃபைல் வந்துவிடும். ஆனால் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர், பழைய லைப்ரரியை மெமரியில் பிடித்துக்கொண்டே இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டினால், அழிக்கப்பட்ட ஃபைலை இன்னும் எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்றால் மெஷினையே ரீபூட் செய்ய வேண்டும்.

அடுத்தது ஸ்கேனர் பக்கத்துத் தப்பு. டெபியன், ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வகைகள் பழைய வெர்ஷனிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டித் தருவதுண்டு. மேலே தெரியும் வெர்ஷன் எண் மாறாது. வெளியிலிருந்து வெர்ஷனை மட்டும் படிக்கும் ஸ்கேனர் அதை ஓட்டை என்றே சொல்லும். லாகின் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கும் ஸ்கேனை ஓட்டுங்கள். எதுவானாலும் பேட்ச் போட்ட பின் மறுபடி ஸ்கேன் செய்யாமல் டிக்கெட்டை (வேலைப் பதிவை) மூடாதீர்கள்.

கேள்வி: அவசரப்பட்டுப் பேட்ச் போடுவதே ஆபத்து. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் உலகமே நின்றதைப் பார்த்தோமே! நாங்கள் மூன்று மாதம் பொறுத்துத்தான் போடுவோம்.

அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன, உண்மை. ஆனால் அது ஓட்டையை அடைக்க வந்த பேட்ச் அல்ல. க்ரவுட்ஸ்ட்ரைக்கின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த கன்ஃபிகரேஷன் ஃபைல், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போனது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, முதலில் சில மெஷின், அப்புறம் ஒரு பிரிவு, அப்புறம் எல்லாம் என்று படிப்படியாகப் போடுவது. இதற்கு மூன்று மாதம் எதற்கு? வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்துவிட்டது. தாக்குதல் மே 12. உங்கள் கணக்குப்படி நீங்கள் அன்று இன்னும் காத்திருப்பீர்கள்.

அவரே மீண்டும்: எங்கள் சர்வர்கள் இன்டர்நெட்டிலேயே இல்லை.

வானாக்ரைக்கு ஒரு மெஷின் கிடைத்தால் போதும். அங்கிருந்து, விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாக உள் நெட்வொர்க் முழுக்கத் தானே பரவியது.

இன்னொருவர்: நீங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை வைத்துப் பேசுகிறீர்கள். ஆலை இயந்திரத்தோடு வந்த கம்ப்யூட்டரில் நாங்களாகப் பேட்ச் போட்டால் தயாரிப்பாளர் சப்போர்ட்டே தரமாட்டார்.

நியாயமான பேச்சு. பேட்ச் போட முடியாத இடத்தில்தான் வல்னரபிலிட்டி மேனேஜ்மென்டின் அருமை தெரியும். அதைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள், தேவையில்லாத போர்ட்டை மூடுங்கள், யார் அதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துங்கள், லாகை (நடந்தவற்றின் பதிவை) பாருங்கள். விதிவிலக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் ஒரு பெயரும் காலாவதித் தேதியும் கட்டாயம்.

முதலாமவர்: அப்படியானால் எங்கள் மூன்று மாதமும் அதே மாதிரி முடிவுதானே?

எந்தெந்த ஓட்டை அதுவரை திறந்திருக்கும், அந்த இடைவெளியில் எதை வைத்துக் காப்பாற்றுகிறீர்கள், யார் ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்தால், ஆமாம். எழுதவில்லையென்றால் அதை முடிவு என்று நான் ஏற்க மாட்டேன். இந்த விவாதத்தை இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மாதாமாதம் பேட்ச் போடுகிறோம், போதாதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சிவிஎஸ்எஸ் 10 என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் போடணுமா?

இரண்டாவது பதில். அந்த மென்பொருள் உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். போட்டபின் மறுபடி ஸ்கேன்.

கேள்வி: பேட்ச் வந்த வாரமே போட்டோம். அப்படியும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். எப்படி?

பேட்ச் கதவைத்தான் மூடும். ஏற்கெனவே உள்ளே வந்தவரை வெளியேற்றாது. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் பெட்டிகளில் சிட்ரிக்ஸ் ப்ளீட் என்ற ஓட்டை வந்தபோது பேட்ச் போட்ட இடங்களிலும் இது நடந்தது. முன்பே திருடிய செஷன் டோக்கன்கள் (ஏற்கெனவே லாகின் ஆனவர் என்று காட்டும் அடையாளங்கள்) பேட்சுக்குப் பிறகும் வேலை செய்தன. எல்லா செஷனையும் துண்டிக்க வேண்டியிருந்தது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வந்தபோதும் சர்டிஃபிகேட்டையும் சாவியையும் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. திருத்தம் வெளியாகும் முன்பே தாக்குதல் நடந்திருந்தால், பேட்ச் போட்ட கையோடு பழைய லாகையும் தேடுங்கள்.

கேள்வி: ஸ்கேனர் வாங்க பட்ஜெட் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு எக்செல் ஷீட்டில். மெஷின் பெயர், அதில் உள்ள மென்பொருள், வெர்ஷன், பொறுப்பாளர், வெளியிலிருந்து தொட முடியுமா, தயாரிப்பாளர் சப்போர்ட் எப்போது முடிகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அந்த மாதிரி மெஷின்களுக்குத் தனி நிறம் கொடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் தயாரிப்பாளர்களின் பாதுகாப்பு அறிவிப்பு மெயில்களுக்குப் பதிவு செய்யுங்கள். ஸ்கேனுக்கு ஓப்பன்வாஸ் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் வெளியைப் பார்த்து நிற்கும் மெஷின்களில் ஓட்டுங்கள்.