வாசகர் கேள்வி – பதில்: மொட்டை மலையும் சாக்கடைக் கசடும்

கேள்வி: அமெரிக்காவில் தொழிற்சாலைப் புகையால் மொட்டையாகிப்போன ஒரு மலையில், நகரத்துச் சாக்கடைக் கசடையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் கலந்து கொட்டிப் புல் வளர்த்தார்கள் என்று என் மகன் சொல்கிறான். கெட்டுப்போன நிலத்தில் மேலும் கழிவைக் கொட்டினால் அது எப்படி நல்லதாகும்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹாய் ஆற்றங்கரையில் பால்மர்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டி எழும் புளூ மலைதான் அது. அவ்வூரில் 1898 முதல் 1980 வரை துத்தநாகம் உருக்கினார்கள். கந்தகம் கலந்த தாதுவை வறுக்கும்போது எழுந்த கந்தக டை ஆக்சைடு மரங்களைக் கருக்கியது. புகையோடு பறந்த துத்தநாகமும் காட்மியமும் ஈயமும் மலைச்சரிவில் படிந்தன. மரம் போனபின் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போக, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் கல்லும் பாறையுமாக நின்றது. 1970களில் செய்த ஆய்வில், ஆலைக்கு அருகே சில இடங்களில் மேல்மட்கின் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் துத்தநாகமாகவே இருந்தது. 1983இல் அமெரிக்க அரசு அந்த இடத்தை நச்சு நிலங்களின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மலையில் எனக்கு மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன் பட்டு விழுந்த மரங்கள் மட்காமல் அப்படியே கிடந்தன. நம் கொல்லையில் விழுந்த முருங்கைக் கட்டை இரண்டு மழைக்காலம் தாங்காது; அங்கே கட்டையை அரித்து மண்ணாக்க வேண்டிய பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் சிறு பூச்சிகளும் உலோக நஞ்சால் குறைந்துபோயிருந்தன. ஆகவே அந்த நிலத்துக்கு விதை மட்டும் போட்டால் போதாது, முதலில் மண்ணையே உண்டாக்க வேண்டும். வளமான மேல்மண்ணை வேறெங்கிருந்தாவது வெட்டி எடுத்து ஒரு மலை முழுவதும் பரப்புவதானால் இன்னொரு நிலம் மொட்டையாகிவிடும்.

கழிவு இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. சுத்திகரிப்பு நிலையத்துக் கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரிமப் பொருளும் உண்டு. அதிலுள்ள பாஸ்பேட்டும் இரும்பும் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும். கலவையில் சேர்த்த சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதால், துத்தநாகமும் காட்மியமும் நீரில் கரைந்து வேருக்குப் போவது குறையும். சாம்பல், சேறாக இருக்கும் கசடை உதிர்த்து வீசக்கூடிய பதத்துக்குக் கொண்டுவரும். செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து பாதை வெட்டி, வண்டியில் ஏற்றிய வீசுபொறியால் இந்தக் கலவையையும் விதையையும் பாறைகளின் மேல் எறிந்தார்கள். 1991இல் தொடங்கிய இந்த வேலை சில ஆண்டுகளில் ஏறத்தாழ 850 ஏக்கரை எட்டியது.

கேள்வி: அப்படியானால் அந்த மலையில் இப்போது நஞ்சு இல்லையா? பழைய காடு திரும்பிவிட்டதா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நஞ்சு அங்கேயேதான் இருக்கிறது. அதை யாரும் அப்புறப்படுத்தவில்லை, நகரவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள். எதை நடுவது என்ற கேள்வி, எதைக் கொட்டுவது என்ற கேள்வியைவிடச் சிக்கலானது என்பது இதிலிருந்து வருவதுதான். பிர்ச், ஆஸ்பென் போன்ற மரங்கள் வேர் வழியாகத் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடுகின்றன. இலை உதிர்ந்தால் அடியில் கிடந்த நஞ்சு மறுபடி மேலே வருகிறது, இலையைத் தின்னும் புழுவுக்கும் புழுவைக் கொத்தும் பறவைக்கும் போகிறது. அதனால் 2002இல் மலையின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 750 ஏக்கர் நிலத்தை வாங்கிய லீஹாய் கேப் இயற்கை மையம், உலோகத்தை இலைக்கு ஏற்றாமல் ஆழமாக வேர்விடும் உள்நாட்டுப் புற்களைத் தேர்ந்தெடுத்தது. முதலில் 56 ஏக்கரில் சோதித்துப் பார்த்துவிட்டு, வண்டி ஏற முடியாத சரிவுகளில் மருந்து தெளிக்கும் சிறு விமானத்திலிருந்து விதை தூவினார்கள். காடு இருந்த இடத்தில் புல்வெளியா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். நான் புல்லின் பக்கம்தான். மண் உருவான பிறகு மரத்தைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாக்கடைக் கசடிலேயே ரசாயனம் இருக்காதா? – ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: இருக்கும். கிருமிகளைச் செரிகலனிலும் (கசடை நுண்ணுயிர்களால் செரிக்கவைக்கும் மூடிய தொட்டி) சுண்ணாம்பிலும் அடக்கிவிடலாம். எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்களை அப்படி அடக்க முடியாது. இதற்காகவே அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் இடுவதைத் தடை செய்தது. நிலக்கரிச் சாம்பலிலும் ஆர்சனிக், போரான் உண்டு. யாரும் பயிரிடாத மலைச்சரிவுக்கு ஏற்கத்தக்கது, நெல் விளையும் வயலுக்கு ஏற்கத்தக்கதாகிவிடாது.

கேள்வி: எங்கள் இரண்டு ஏக்கரில் தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் பல ஆண்டுகள் பாய்ந்து, இப்போது ஒன்றும் முளைப்பதில்லை. ஆலை மூடிவிட்டது. சுண்ணாம்பும் சாம்பலும் போடலாமா? – ஒரு விவசாயி, ஆம்பூர்

பதில்: ஐயா, அவசரப்பட்டுச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். பால்மர்டனில் இருந்தது துத்தநாகம், அதற்குச் சுண்ணாம்பு மருந்து. உங்கள் நிலத்தில் இருக்கக்கூடியவை உப்பும் குரோமியமும். குரோமியத்தில் நச்சு மிகுந்த ஆறு இணைதிற வகை (குரோமியம்-6) இருந்தால், சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறும்போது அது கட்டுப்படாமல் கரைந்து நகர்ந்து கிணற்றுக்குப் போகும். அந்த வகையை நச்சு குறைந்த மூன்று இணைதிற வகையாக (குரோமியம்-3) மாற்ற நன்கு மட்கிய கரிமப் பொருள் உதவும். ஆனால் எந்த மட்கும் உப்பை வெளியேற்றாது. சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி, வடிகால் வழியாகக் கழுவி வெளியேற்ற வேண்டும். அந்த வடிநீர் அடுத்தவர் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

எதையும் கொட்டுவதற்கு முன் மேல்மண்ணையும் இரண்டடி ஆழத்து மண்ணையும் தனித்தனியே எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகளை மட்டும் காட்டும் வழக்கமான அட்டை உங்களுக்குப் போதாது; உப்பின் அளவு, காரத்தன்மை, சோடியம், இரு வகைக் குரோமியம் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்த நிலத்தில் கீரை போட வேண்டாம், மாட்டையும் மேயவிட வேண்டாம்.