பட்டன் அழுத்தி ஒரு செகண்ட் கழித்துத்தான் எல்சிடி மாறுகிறது, வேறு வாங்கலாமா?

அர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டு, முதுகில் ஐ2சி போர்டு (இரண்டே தகவல் வயரில் திரையை ஓட்டுவது) ஒட்டிய 16×2 எல்சிடி, ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். பட்டனை அழுத்தினால் திரை மாற ஒரு செகண்ட் ஆகிறது என்கிறீர்கள்.

வேறு எதுவும் வாங்க வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளுக்கு இதே செட்டைத்தான் செய்து கொடுக்கிறேன். இப்படிப் புகார் வந்தால் எல்சிடியைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். அதிலுள்ள எச்டி44780 வகை சிப் ஓர் எழுத்தை வாங்கிக்கொள்ள எடுப்பது சுமார் 37 மைக்ரோ செகண்ட். திரையைத் துடைக்கும் கிளியர் கட்டளைக்கே 1.52 மில்லி செகண்ட்தான். ஒரு செகண்ட் தாமதத்துக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

முதலில் நிரலில் சென்சார் வரிகளையும், காத்திருக்க வைக்கும் டிலே வரிகளையும் ஓடாதபடி கமென்ட் போட்டுவிட்டு, ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே போய்த் திரையில் காட்டிப் பாருங்கள். எண் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடினால் திரையும் வயரும் சரி.

உங்கள் விஷயத்தில் ஆள் யாரென்று எனக்குத் தெரிகிறது: டிஎஸ்18பி20. 12 பிட்டில், அதாவது அதன் மிக நுணுக்கமான அளவில், ஒருமுறை வெப்பநிலையை அளக்க அது 750 மில்லி செகண்ட் வரை எடுக்கும். சென்சாரைப் படிக்க நிரலில் சேர்க்கும் வழக்கமான லைப்ரரி அதுவரை அங்கேயே நிற்கும். பட்டனை யாரும் பார்ப்பதில்லை. அளக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் திரும்பும் வசதி அதே லைப்ரரியில் உண்டு. அதைப் போட்டு, மில்லிஸ் (அர்டுயினோவின் மில்லி செகண்ட் கடிகாரம்) கணக்கில் 750 தாண்டியதும் வந்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது 9 பிட்டுக்கு இறக்குங்கள்: நேரம் 100 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும், துல்லியம் அரை டிகிரியாகும். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி, வளர்ந்த புழுவுக்கு 24, 25 என்று பார்க்கிற மனையில் அரை டிகிரி தாராளம். புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் காட்டி யாருக்கு என்ன லாபம்?

அடுத்து ஐ2சி. அந்தப் போர்டிலுள்ள பிசிஎஃப்8574 சிப், 100 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. ஓர் எழுத்தை இரண்டு பாதியாக்கி, ஒவ்வொரு பாதிக்கும் 'வாங்கிக்கொள்' என்று எல்சிடிக்குச் சொல்லும் எனேபிள் பின்னை ஏற்றி இறக்கி அனுப்புவதற்குள் 1 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். 32 எழுத்துக்கும் சேர்த்து 40 சொச்சம். உங்கள் தாமதத்துக்கு இது காரணமில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் செய்து முழுத் திரையையும் எழுதினால் மினுக்கும். கிளியரை எடுத்துவிட்டு, மாறிய எண்ணை மட்டும் அதே இடத்தில் எழுதுங்கள். 100 என்பது 99 ஆகும்போது பழைய இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ஒரு வெற்றிடம் சேர்த்து அனுப்பினால் போதும்.

உண்மையிலேயே திரை மந்தமாவது குளிரில்தான். மார்கழி விடியலில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பார்த்தால், பழைய எண் முழுசாக அழிவதற்குள் புது எண் மேலே வந்து உட்காரும். உள்ளே இருக்கும் திரவப் படிகம் குளிரில் மெதுவாகத்தான் திரும்பும். நிரலில் அதற்கு மருந்து கிடையாது. எழுத்து வெளிறியும் தெரிந்தால் போர்டின் பின்னால் உள்ள நீலப் பிரிசெட்டை (எழுத்தின் அடர்த்தியை மாற்றும் திருகு) சிறிய ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்புங்கள். எண்ணை அரை செகண்டுக்கு ஒருமுறை மட்டும் மாற்றினால், அந்த நிழலும் கண்ணில் படாது.